மூடி மேல் வாசிப்பு

ஜூன் 1, ஞாயிறு

அவசரத்தில் எழுத்து கோணல் கோணலாக வருகிறது. பரவாயில்லை, படிக்கப் போவது நான்தானே.

சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும் ஃபாதர் ஜெரோசின் எங்களை உட்காரச் சொன்னார். புதிதாகக் கட்டியிருக்கும் செசிலியா மண்டபத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பியானோ வருகிறதாம். அதுவும் படுக்கை வசத்துப் பெரிய கிராண்ட் பியானோ! நம் ஊர்க்காரர் ஒருவர் நன்கொடையாகக் கொடுக்கிறார். ஆகஸ்ட் 24 திறப்பு விழா. "பாட்டுக்குப் பின்னால வாசிக்கிறது வேண்டாம். தனியா பியானோவுக்குன்னே எழுதுன கனமான ஒண்ண நம்ம ஊர் ஆளே வாசிக்கணும். யாரு இருக்கீங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். என் கை தானாக மேலே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தூக்கவில்லை.

வாசிக்கப் போவது பெரியவளை. அது நான் வைத்த செல்லப் பெயர்; உண்மைப் பெயரை இங்கே எழுதமாட்டேன், கண் பட்டுவிடும். போலந்துக்காரர் ஒருவர் நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது. ரொமாண்டிக் காலத்துப் பியானோ இசையில் மலை மாதிரி நிற்பது. பத்து நிமிடம். மெதுவாகக் கதை சொல்வதுபோல் ஆரம்பித்து, கடைசி இரண்டு பக்கத்தில் இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் என்றால் கணவர் தெரன்ஸிடம் இல்லை. அவர் எதற்கும் "சரி இமா" என்பார். மைனியிடம்.

ஜூன் 2, திங்கள்

நத்தாலியா மைனி என் கணவரின் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் கட்டவில்லை, பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். தூத்துக்குடியில் பியானோ தேர்வு எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்கு ஒரு கட்டைகூடத் தெரியாது. கணவரின் அப்பா, எங்கள் மாமா வாங்கிவைத்த இந்தப் பழைய பியானோவில்தான், மைனியிடம்தான், அ-னாவிலிருந்து கற்றுக்கொண்டேன். வேறு எதிலும் ஒரு நாளும் வாசித்ததில்லை.

மைனியின் சட்டம் ஊருக்கே தெரியும். பெரிய ரொமாண்டிக் படைப்புகளை அவள் "சரி" என்று சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. காரணமும் சொல்வாள். பழைய காலத்து இசையில் தப்பு விட்டால் உடனே தெரிந்துவிடும். இவற்றில் ஒரு தப்பும் விடாமலேயே பொய்யாக வாசித்துவிடலாம், அதுதான் ஆபத்து என்பாள்.

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். துருவுவதை நிறுத்தவில்லை.

"யாரக் கேட்டுட்டீ பேரு குடுத்த?"

"யாரையும் கேக்கல மைனி. கை தூக்கிருச்சி."

"ஒனக்கு நா மொதப் பக்கந்தான குடுத்தேன்?"

"மிச்சத்த நானே படிச்சிட்டேன். நீங்க செவ்வாய்க்கிழம நொவேனா செபத்துக்குப் போவும்போதெல்லாம்."

"தெரியும். எதுத்த வீட்டு ரொசாரி சொல்லிட்டா. ரெண்டு வருசமா கடைசிப் பக்கத்துல தடுக்கித் தடுக்கி விழுதியாமே."

ரொசாரி அக்காவுக்கு இனி எங்கள் வீட்டு மீன்குழம்பு கிடையாது.

கடைசியில் மைனி தீர்ப்பு சொன்னாள். ஆகஸ்ட் 10 வரைக்கும் என்னைச் சோதிப்பாள். அன்றைக்கு அவள் "தயார்" என்று சொன்னால் வாசிக்கலாம். இல்லையென்றால் நானே ஃபாதரிடம் போய், என்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாவிட்டால் அவளே போய்ச் சொல்வாள்.

ஒப்புக்கொண்டேன். பயமாக இருக்கிறது. பயத்தைவிட சந்தோஷம் ஒரு படி மேலே இருக்கிறது.

ஜூன் 7, சனி

முதல் சோதனை. வலது கையில் சுண்டு விரல் மட்டும் பாட வேண்டும், அதே கையின் மற்ற விரல்கள் முணுமுணுக்க வேண்டும். "சுண்டு வெரலு பாட்டுக்காரி. மத்ததுக எல்லாம் வேடிக்க பாக்க வந்த சனம். சனம் பாட்டுக்காரிய விட சத்தம் போடுது பாரு!" என்று என் மணிக்கட்டில் பென்சிலால் தட்டினாள்.

என் கை சின்னது. ஒன்பது கட்டைக்கு மேல் எட்டாது. பத்து வேண்டிய இடத்தில் கீழிருந்து மேலாக உருட்டி வாசிக்கிறேன். அதற்குக்கூட மைனி முகம் சுளிக்கவில்லை. உருட்டும்போது மேல் சுரம் சரியான நேரத்தில் விழுகிறதா என்று மட்டும்தான் பார்த்தாள்.

நான் வேலை பார்க்கும் கப்பல் சரக்கு ஆபீசில் பில் அடிக்கும்போதும் சுண்டு விரல் அழுத்தமாக விழுகிறது. ஒரு கன்டெய்னர் எண்ணில் பூஜ்யம் இரண்டு தடவை விழுந்து, முதலாளியிடம் பாட்டு வாங்கினேன்.

ஜூன் 14, சனி

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. "பி கட்டை" என்றேன். எனக்கு அப்படித்தான். பஸ் ஹாரன், குக்கர் விசில், எது கேட்டாலும் எங்கள் பியானோவின் ஒரு கட்டை மனதில் எழுந்து நிற்கும். ஒவ்வொரு கட்டையும் எனக்கு முகம் தெரிந்த ஆள்.

வகுப்புக்கு வந்திருந்த ஷாலட் என்ற பெண் போனை நீட்டினாள். அதில் சத்தத்தைக் கேட்டு சுரம் சொல்லும் ஏதோ ஒரு ஆப். "ஆன்ட்டி, இது பி ஃப்ளாட்னு காட்டுது." அரைக் கட்டை கீழேயாம்!

நான் பதில் சொல்வதற்குள் மைனி பாய்ந்தாள். "அந்தச் சனியன உள்ள வையி. போனு வந்து எங்களுக்கு சுரம் சொல்லிக்குடுக்குதா?" அந்தப் பிள்ளை அரண்டுபோனாள். மைனி இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என் காதுக்காகச் சண்டை போட்டாள் என்று நினைக்கும்போது உள்ளே குளிர்ந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சீலா மீன் பொரித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து மைனி கத்தினாள். "ஏழாம் பக்கம், மூணாவது வரி!" நான் அங்கிருந்து தொடங்க வேண்டும். "நாலாம் பக்கம் கடைசி வரி, எடது கை மட்டும்!" எங்கிருந்து கேட்டாலும் தொடங்கத் தெரிய வேண்டுமாம். தொடக்கத்திலிருந்து ஓடிவந்தால்தான் ஞாபகம் வரும் என்றால் அது மனப்பாடம் இல்லை, சறுக்கு மரமாம்.

எட்டில் ஆறு தேறினேன். மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. தெரன்ஸ் கருகிய பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு "சரி இமா" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

மதுரையிலிருந்து டியூனர் வந்தார். வருடா வருடம் வருகிறவர். உப்புக் காற்று ஊர் இது, கம்பி துருப்பிடித்து இறங்கிவிடும். ஈரம் சேராமல் இருக்க பியானோவுக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு மைனி வழக்கம்போல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். டியூன் பண்ணும்போது வேறு யாரும் இருக்கக் கூடாது, அவருக்குக் கவனம் சிதறுமாம்.

டீயும் மக்ரூனும் கொண்டுபோனேன். கதவுக்கு வெளியே கேட்டது.

"இந்தத் தடவையாவது ஏத்திப் பாக்கலாமாம்மா?"

"வேண்டாம். இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். அறுந்துச்சின்னா யாரு பதில் சொல்லுதது?"

நான் கதவைத் தட்டியதும் இரண்டு பேரும் மக்ரூனைப் பற்றிப் பேசினார்கள்.

ஜூலை 5, சனி

ஒரு திருட்டு வேலை செய்தேன். மைனியின் இன்னொரு சட்டம்: முழுதாகப் படித்து முடிக்கும்வரை எந்தப் பதிவையும் கேட்கக் கூடாது. "கேட்டுப் படிச்சா அது அவன் வாசிச்சது. ஒன்னுது எங்க?" என்பாள். இன்று ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைப் பையனின் இயர்போனை வாங்கி, போனில் பெரியவளைப் போட்டேன்.

யாரோ வெள்ளைக்காரர். பிரமாதம்தான். ஆனால் ஏதோ உறுத்தியது. நன்றாகத் தெரிந்த ஒருத்தியை வேறு யாருடைய புடவையிலோ பார்த்தது மாதிரி. எல்லாம் சற்று மேலே, கிறீச்சென்று. இயர்போன் நூற்றைம்பது ரூபாய் சரக்கு என்று பையனே ஒப்புக்கொண்டான். நிறுத்திவிட்டேன்.

ஜூலை 12, சனி

மைனிக்கு மூளை குழம்பிவிட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது.

நான் உட்கார்ந்ததும் பியானோவின் கட்டைகள் மேல் மூடியை இறக்கினாள். "வாசி."

"எதுல?"

"மூடி மேல."

வெறும் பலகை மேல்! கட்டை இல்லை, சத்தம் இல்லை. முதல் சுரத்திலிருந்து கடைசிவரை விரல் எங்கே போக வேண்டுமோ அங்கே போக வேண்டும், அவள் பார்ப்பாள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கம் பாதியில் கை நின்றுவிட்டது. அடுத்து எது என்று தெரியவில்லை. தினமும் வாசிக்கிற இடம்! சத்தம் கேட்டால் கை தானாகப் போகும். சத்தம் இல்லாததால் கைக்கு வழி தெரியவில்லை.

"பாத்தியா? ஒனக்குப் பாட்டு தெரியல. ஒன் காதுக்குத்தான் தெரியும். கை காதுக்குப் பின்னால போவுது."

"பியானோன்னா சத்தம் வரத்தான செய்யும் மைனி? மூடி மேலயா எனக்குக் கச்சேரி?"

"சத்தம் எப்பவும் நீ நெனச்ச மாதிரி வருமின்னு யாரு சொன்னா?"

இதற்கு என்ன அர்த்தம்? கேட்டால் எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

மூடி மேல் மூன்றாம் பக்கம் வரை. ஒழிக மூடி.

ஜூலை 20, ஞாயிறு

தெரன்ஸை ஸ்கூட்டரில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அக்காவைப் பற்றி வாயைப் பிடுங்கினேன். வீட்டில் கேட்டால் சொல்லமாட்டார்.

மைனிக்கு இருபத்தைந்து வயதாக இருந்தபோது சென்னைக்குப் பெரிய பட்டயத் தேர்வு எழுதப் போனாளாம். மாமா கோட்டு போட்டுக்கொண்டு கூடவே போனார். தேர்வில் தேறினால் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை. மூன்று படைப்புகள் வாசிக்க வேண்டியவள் முதலாவதிலேயே நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"ஏன்?"

"கை வேர்த்துருச்சின்னு சொன்னா. அதுக்கப்புறம் வெளியில எங்கயும் வாசிச்சதில்ல. ஊருல ஒரு மாசம் அதான் பேச்சு."

"என்ன வாசிச்சாக?"

தெரன்ஸ் கடலைப் பார்த்தார். "நீ வாசிக்கிறியே, அதான்."

அப்படியானால் விஷயம் இதுதான். அவளால் முடியாமல் போனதை நான் வாசிக்கப் போகிறேன். அதனால்தான் இந்தப் பலகை, பென்சில் எல்லாம். பாவமாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. அவள் தடுக்கத் தடுக்க எனக்கு வெறி ஏறுகிறது. இன்று கடைசி இரண்டு பக்கத்தைத் தடுக்காமல் வாசித்தேன்! எதிர் வீட்டு ஜன்னலில் ரொசாரி அக்கா கை தட்டினாள். மீன்குழம்பு மறுபடியும் உண்டு.

ஜூலை 27, ஞாயிறு

மைனி இன்று புதிதாக ஒன்று சொன்னாள். "ரெண்டு வாரம் கான்வெண்டுக்குப் போயி அங்கவுள்ள பியானோவுல பழகிட்டு வா. சிஸ்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கான்வெண்டில் இருப்பது கரண்டில் ஓடும் பியானோ. தேர்வு எழுதும் பிள்ளைகளை மைனி எப்போதும் கடைசி இரண்டு வாரம் அங்கே அனுப்புவாள், "நம்ம பியானோ கட்ட கெட்டி, அது லேசு, பழகணும்" என்று. நான் என்ன ஐந்தாம் வகுப்புப் பிள்ளையா? நாற்பத்து நான்கு வயதில் பினாஃபோர் போட்ட பிள்ளைகளோடு வரிசையில் நிற்கவா?

"கரண்ட் பியானோவுல பழகுனா கை கெட்டுப்போவும். நா போவல."

"சொன்னாக் கேளுட்டீ."

"காரணம் சொல்லுங்க, கேக்கேன்."

மைனி வாயைத் திறந்தாள். பிறகு பியானோவைப் பார்த்தாள். அதன் மேல் மாமாவின் படம், கோட்டு போட்டது. "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டாள். காரணம் இருந்தால்தானே சொல்வாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. வீட்டில் இருபது பேர், குளியலறை ஒன்று. வாசிக்கவில்லை. கூட்டத்தில் நின்று எல்லோரும் மாதாவிடம் என்னென்னவோ கேட்டார்கள். நான் பெரியவளை மட்டும் கேட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முழுவதும் வாசித்தேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் வாசித்ததிலேயே இதுதான் மேல். சுண்டு விரல் பாடியது. நடுப்பகுதியில் பெடலை ஒவ்வொரு சுர மாற்றத்துக்கும் எடுத்து வைத்தேன், ஒன்றோடொன்று குழம்பவில்லை. கடைசி இரண்டு பக்கம் பறந்தது. தெரன்ஸ் எழுந்து நின்றுவிட்டார். மைனியின் கண்ணில் தண்ணீர் நின்றது, நான் பார்த்தேன்!

பிறகு அவள் எழுந்து வந்து மூடியை இறக்கினாள்.

வாசித்தேன். ஒன்பதாம் பக்கம்வரை போனேன். கடைசி ஓட்டத்தில் இடது கை எங்கோ போய்விட்டது.

"இன்னும் இல்ல" என்றாள். "ஃபாதர்ட்ட சொல்லிரு. அடுத்த வருசம் பாக்கலாம்."

என் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒங்களால முடியாதத நா செஞ்சிருவேன்னு பயம் மைனி ஒங்களுக்கு. மெட்ராஸ்ல எந்திரிச்சி வந்தது யாரு, நானா?"

தெரன்ஸ் "இமா!" என்று கத்தினார். முதல் தடவையாக "சரி" இல்லாமல்.

மைனி திரும்பி நடந்தாள். உள்ளே போய் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை அடுக்கினாள், ஏற்கனவே அடுக்கியிருந்தவற்றை. நான் ஃபாதரிடம் போகவில்லை. போகவும் மாட்டேன். அவளும் போகவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டில் பேச்சு இல்லை. "உப்பு வேணும்" என்பதைக்கூட தெரன்ஸ் வழியாகத்தான் சொல்கிறோம்.

வீம்புக்கு மூடி மேல் வாசிக்கிறேன். ஆபீஸ் மேசை மேல், பஸ்ஸில் கைப்பை மேல், சப்பாத்திப் பலகை மேல். ஒரு விஷயம் புதிதாக இருக்கிறது. முன்பெல்லாம் சத்தம் முதலில் வரும், கை பின்னால் ஓடும். இப்போது ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் அந்த இடம் விரலில் தெரிகிறது. இன்று சாப்பாட்டு மேசை மேல் கடைசிவரை போய்விட்டேன்! மகிழ்ச்சியில் மைனியைக் கூப்பிட வாயெடுத்து, பேச்சு இல்லை என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

மதியம் இரண்டு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். பியானோ லாரியில் வந்து இறங்கி, மேடையில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. சென்னையிலிருந்து வந்த டியூனர் பெனட் காலையிலிருந்து வேலை பார்த்து முடித்திருந்தார். உட்கார்ந்தேன். முதல் சுரத்தை அழுத்தினேன்.

வேறு சுரம் கேட்டது.

கையைப் பார்த்தேன், சரியான கட்டைதான். அடுத்த சுரம், அதுவும் வேறு. எல்லாம் அரைக் கட்டை மேலே கேட்டது. காது "தப்பு, நகரு" என்கிறது. கை நகர்கிறது, நகர்ந்தால் உண்மையாகவே தப்பாகிறது. நான்கு வரி தாண்ட முடியவில்லை. பெனட்டைக் கூப்பிட்டேன்.

"தம்பி, எல்லாக் கம்பியையும் கூடுதலா இழுத்துட்டீங்க. அரைக் கட்ட மேல நிக்கி."

பெனட் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். "இல்ல மேடம், கரெக்டாதான் வச்சிருக்கேன்."

"எங்காதுக்குத் தெரியாதா? பத்தொம்பது வருசமா வாசிக்கேன்!"

அவர் பையிலிருந்து சுருதி பார்க்கும் இரும்புக் கவை ஒன்றை எடுத்தார். முழங்காலில் தட்டி, பியானோ பலகையில் ஊன்றினார். ஙொய்ய்... என்று ஒலித்தது. "உலகம் பூரா ஏ-ன்றது இதான் மேடம்." பியானோவின் ஏ கட்டையை அழுத்தினார். இரண்டும் ஒன்றாக நின்றன.

கவையை வாங்கிக்கொண்டு, தெரன்ஸின் ஸ்கூட்டரில் வீட்டுக்கு ஓடினேன். அதைத் தட்டி எங்கள் பியானோ மேல் ஊன்றினேன். ஏ கட்டையை அழுத்தினேன். கீழே கேட்டது. அதற்கு அடுத்து மேலே உள்ள கறுப்புக் கட்டையை அழுத்தினேன். அது கவையோடு ஒன்றாக நின்றது.

பத்தொன்பது வருடம்! நான் முகம் தெரிந்த ஆட்கள் என்று நினைத்த எல்லோரும் ஒரு வீடு தள்ளிக் குடியிருந்திருக்கிறார்கள்.

வாசலில் மைனி ஈரக் கையோடு நின்றாள். கவையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா பியானோ வாங்குன மொத வருசத்துலயே ரெண்டு கம்பி அறுந்துச்சி, உப்புக் காத்துல. டியூனரு சொன்னாரு, எல்லாத்தையும் அரைக் கட்ட எறக்கி வச்சாத்தான் தாங்குமின்னு. எனக்கு அப்ப நாலு வயசு. அப்பா என்கிட்ட சொல்லல. நா மெட்ராஸ்ல போயி ஒக்காந்து மொத சுரத்த வச்சேன் பாரு..."

"கை வேர்த்துருச்சின்னு சொன்னீயளே."

"பின்ன என்னட்டி சொல்ல? வெளிய கோட்ட மாட்டிக்கிட்டு நிக்காரு. ஒங்க பியானோ சரியில்லப்பான்னா? எங்கை சரியில்லன்னு ஊரு பேசிட்டுப் போவட்டும்னு விட்டேன். அவரு சாவுற வரைக்கும் அந்தப் பியானோவப் பத்தித்தான் பெருமையாப் பேசுனாரு."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே மைனி!"

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. கான்வெண்டுக்குப் போன்னு மட்டும் வந்துச்சி. நீதான் போவமாட்டேன்னுட்ட."

நான் அழுதேன். அவளைச் சொன்ன சொல்லுக்காகவும், நாளை என்ன ஆகுமோ என்றும், இரண்டுக்கும் சேர்த்து. மைனி புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள். "அழுகைய அப்புறம் வச்சிக்கலாம். நட, ஹாலுக்குப் போவோம்."

மண்டபத்தில் அந்தப் பளபளக்கும் பியானோவின் மூடியை மைனியே இறக்கினாள். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு வெளியில் ஒரு பியானோவைத் தொடுகிறாள். "வாசி."

வாசித்தேன். பெனட் ஒரு ஓரத்தில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் பத்து நிமிடம், பலகையில் விரல் படும் ஒலி மட்டும். மைனி என் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பதாம் பக்கம் வந்தது, தாண்டியது. கடைசி சுரம்.

மைனி நிமிர்ந்தாள்.

"தயார்" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாசித்துவிட்டேன்! வாசித்துவிட்டேன்! வாசித்துவிட்டேன்!

மண்டபம் நிறைந்து வழிந்தது. காலையில் ஒரு மணி நேரம் பழகக் கிடைத்தும் காது அடங்கவில்லை. முதல் சுரம் வைத்ததும் அதே கூப்பாடு, தப்பு, நகரு என்று. நான் நகரவில்லை. சத்தம் பெனட்டின் பொறுப்பு, கை என் பொறுப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் இரண்டு பக்கம் மனதுக்குள் மூடி மேல்தான் வாசித்தேன். வந்த ஒலி யாருடையதோ என்று விட்டுவிட்டேன்.

நடுப்பகுதியில், அந்த மெதுவான இடத்தில், திடீரென்று காது சண்டையை நிறுத்தியது. அந்தப் புதுச் சத்தம் அவ்வளவு அழகாக இருந்தது! விளக்குப் போட்ட அறை மாதிரி. சுண்டு விரல் பாடிக்கொண்டே போனது. இவ்வளவு நாள் பெரியவள் இந்த இடத்தில்தான் குடியிருந்திருக்கிறாள், நான்தான் கீழ் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஓட்டத்தில் இடது கை இரண்டு சுரத்தைத் தவறவிட்டது. விட்டால் விடட்டும் என்று ஓடினேன். முடித்துவிட்டுக் கையைத் தூக்கியபோது ஒரு விநாடி யாரும் அசையவில்லை. பிறகு கைதட்டலில் கூரை பறந்தது. ஃபாதர் ஜெரோசின் விசில் அடித்தார், நம்பவே முடியவில்லை.

முதல் வரிசையில் மைனி கை தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அதன் மேல் அவளுடைய பத்து விரல்களும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, கடைசி வரியில், எனக்குச் சற்றுப் பின்னால். தப்பில்லாமல்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆபீசில் கரண்ட் போனதால் சீக்கிரம் வந்துவிட்டேன். தெரு முனையிலேயே கேட்டது. பெரியவள்! எங்கள் வீட்டிலிருந்து. எதிர் ஜன்னலில் ரொசாரி அக்கா வாயில் விரலை வைத்து என்னைத் தடுத்தாள்.

"ஒங்க மைனி நொவேனாவுக்குப் போவலட்டி. மூணு மணிலேர்ந்து இதான்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கடைசி ஓட்டம். நான் வாசித்தது ஓட்டம் என்றால் இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். மயிர்க்கூச்செறிந்து நின்றேன். முடித்ததும் என்னைப் பார்த்துவிட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள், தேர்வுக்கு வந்த பிள்ளை மாதிரி.

"கிறிஸ்மஸுக்கு அந்த ஹால்ல யாராவது வாசிக்கணும்னு ஃபாதர் கேட்டாராம். தெரன்ஸ் சொன்னான்."

"ஆமா மைனி."

"அந்தப் பியானோ அரைக் கட்ட மேல நிக்கும். எங்காது ஒன் காத விடப் பழசு." தொண்டையைச் செருமினாள். "நீ சொல்லுட்டீ. நா தயாரா?"

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் தீர்ப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆமாம், ஆமாம் என்று கத்தி அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. பக்கத்தில் போய், பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, பியானோவின் மூடியை மெதுவாக இறக்கினேன்.

"வாசிங்க, பாக்கேன்."